என் பையை யாரும் திறக்க மாட்டார்கள்

ஜூன் 18

நெட்டை,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை. உன் மாமாவின் சலவைக்கடை முகவரியை உன் அம்மாவிடம்தான் கேட்டு வாங்கினேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே சொன்னார். பஸ் கண்டக்டர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே வா என்று சொல்லவில்லை.

உன் போனை மாமா வாங்கி வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். என் அம்மா உன் எண்ணையே வரவிடாமல் செய்துவிட்டாள். ஆகவே கடிதம். பதில் எழுதினால் வீட்டுக்கு அனுப்பாதே. கீழே எழுதியிருப்பது நூலகத்தின் முகவரி. அங்கே இருக்கும் அக்கா வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். “காதல் கடிதம்னா நான் பிரிச்சுப் படிப்பேன், சொல்லிட்டேன்” என்றார். இல்லை, என் சிநேகிதி என்றேன்.

உன் இடம் காலியாகவே இருக்கிறது. என்னை முதல் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள்.

நடந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். திடீரென்று எல்லார் பையையும் சோதித்தார்கள். என் பையில் அகராதிக்கு அடியில் சிகரெட் பாக்கெட் இருந்தது. வகுப்பாசிரியை அதைக் கையில் எடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை, நேராக உன் பக்கம் திரும்பி, “இவ பையில எதுக்குடி வச்சே?” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாயா? எனக்கு நாக்கே எழவில்லை. பிறகு நீ “ஆமா மிஸ், நான்தான்” என்றாய். சாயங்காலத்துக்குள் உன் மாற்றுச் சான்றிதழை உன் அம்மா கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய்? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். ஆனால் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அடுத்த வாரம் காலைக் கூட்டத்தில் புகைபிடிப்பதன் தீமை பற்றிக் கட்டுரை வாசிக்கச் சொல்லித் தலைமையாசிரியை என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் அகப்படவில்லை. என்ன எழுதுவது?

கோபமாக இருக்கிறாயா?

உன்
புலவர்


ஜூன் 27

புலவரே,

கோபமா என்று கேட்காதே. கேட்டால் வருகிறது.

கட்டுரை எழுது. உனக்கென்ன, நன்றாக எழுதுவாய். நுரையீரல் படம் ஒன்று வரைந்துகொள், கை தட்டுவார்கள்.

இங்கே பள்ளியில் இன்னும் சேர்க்கவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார் மாமா. அதுவரை கடையில் வேலை. விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்பு மூட்டை மூட்டையாக வரும். நானும் அத்தையும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிப்போம். நான் நெட்டை என்பதால் என் பக்கம் எப்போதும் உயர்ந்து நிற்கும். அத்தை, “கொஞ்சம் குனிஞ்சுதான் பிடியேன், கொடிமரம்” என்பாள். பாய்லர் அறை ஆவியில் நின்றால் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உன்னை அங்கே நிறுத்த வேண்டும் என்று ஆசை.

எனக்கென்று தனி வேலை ஒன்றும் உண்டு. சட்டை, பேண்ட் எல்லாம் தண்ணீருக்குப் போகும் முன் பாக்கெட்டைத் துழாவ வேண்டும். சீப்பு, சாவி, பல் குத்தும் குச்சி, யாரோ கழற்றி வைத்த மோதிரம். எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, பெயர் ஒட்டி, துணியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். மாமாவுக்கு அதில் பெரிய கௌரவம். “என் கடையில ஒரு பொத்தான்கூடத் தொலையாது” என்று எல்லாரிடமும் சொல்வார்.

பாக்கெட்டுகளில் வேறு என்ன இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில் இப்போது கிடையாது. அலுப்பாக இருக்கிறது.

நெட்டை


ஜூலை 6

நெட்டை,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசிப் பகுதி எனக்குப் பிடிபடவில்லை. பாக்கெட்டுகளில் என்ன இருக்கும்?

கட்டுரை வாசித்து முடித்துவிட்டேன். நூலகத்தில் மருத்துவப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். நம் வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், பெரியவர்களைவிடச் சீக்கிரம் சிகரெட்டுக்குப் பழகிவிடுமாம். தினமும் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லையாம். எப்போதாவது பிடிப்பவர்கள்கூட அதில் சிக்கிவிடுவார்களாம். இதையும் வாசித்தேன். பெரிய வகுப்பு வரிசையில், அந்தப் பாக்கெட்டை என்னிடம் கொடுத்து வைத்த நம் குதிரைவால் அக்கா உட்கார்ந்திருந்தாள். எல்லாரையும்விடக் கூடுதலாகக் கை தட்டினாள். பிறகு தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்து, “செமயா நடிச்சே புலவரே. இனிமே உன் பைக்கு டபுள் பாதுகாப்பு” என்று சிரித்தாள். மறுபடியும் ஒரு பாக்கெட்டை வைத்திருக்கச் சொன்னாள். மாட்டேன் என்றேன். “அட, கோபத்தப் பாரு” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

நான் தண்ணீர் குடிக்காமலே வகுப்புக்குத் திரும்பினேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நீ போனதிலிருந்து, நாம் ஒளிந்து பிடித்த அந்தச் சைக்கிள் கொட்டகைப் பக்கம் நான் போகவில்லை. ஒருநாள்கூட வேண்டும் என்று தோன்றவில்லை. புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் கை நடுக்கம், எரிச்சல் எதுவும் வரவில்லை. ஆகவே விடுவது அவ்வளவு கடினமில்லை என்று நினைக்கிறேன். உனக்கும் ஊர் மாறியது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, இல்லையா?

உன்
புலவர்


ஜூலை 15

புலவரே,

நல்லதாகப் போயிற்றா?

உனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுகிறது. காலையில் கண் திறக்கும்போதே தோன்றுகிறது. நீ வாசித்த அந்த வரி என்னைப் பற்றியது. எங்கேயோ இருக்கிற யாரையோ பற்றியது என்று நினைத்துக்கொண்டு வாசித்திருக்கிறாய்.

பாக்கெட்டில் என்ன இருக்கும் என்று கேட்டாயே. பாதி தீர்ந்த சிகரெட் பெட்டி. ஒன்றிரண்டு மிச்சம். மாமாவின் டப்பாவில் போட வேண்டியதை நான் போடுவதில்லை. பாய்லருக்குப் பின்னால் நின்றால் ஆவியோடு புகையும் போய்விடும். மொட்டைமாடியில் விரிப்பு காயப் போட ஈரமூட்டையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. போன வருடம் ஓட்டப் பந்தயத்தில் யாரும் என் பக்கத்திலேயே வரவில்லை, ஞாபகமிருக்கிறதா? அத்தை, “இந்த வயசுல கிழவி மாதிரி இரைக்குறே” என்கிறாள். சளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது கேள். கொட்டகைக்கு முதலில் போனது யார்? குதிரைவால் உன்னைத்தான் கூப்பிட்டாள். என்னை இல்லை. நீ கட்டுரைப் போட்டியில் ஜெயித்த அன்று. “படிக்கிற பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாதுல்ல” என்றாள். தெரியாது என்ற வார்த்தையை உன்னால் தாங்க முடியாது. நீ போனாய். நீ போனதால் நான் வந்தேன். வராவிட்டால் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு உன்னைத் தவிர அந்தப் பள்ளியில் யார் இருந்தார்கள்? முதல் தடவை இருமி வாந்தி எடுத்தேன். நீ என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, “ரெண்டாவது தடவை இப்படி இருக்காதாம்” என்றாய். அவள் சொன்னதை நம்பி என்னிடம் சொன்னாய்.

சிகரெட் பாக்கெட்டை நீ வைத்துக்கொண்டதும் அப்படித்தான். “உன் பையை எவளும் திறக்க மாட்டா” என்று குதிரைவால் சொன்னபோது உன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. நான் பார்த்தேன்.

நான் ஏன் ஆமாம் என்றேன்? இல்லை என்று சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பார்களா? சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

அம்மா போன வாரம் தலைமையாசிரியையைப் பார்த்து என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். “நல்ல பிள்ளைங்களையும் சேர்த்துக் கெடுத்துடுவா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மாத முடிவு வரைக்கும்தான் அந்த இடம் எனக்காக இருக்கும், பிறகு வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இந்த ஊர் வேண்டாம். இந்தப் பாக்கெட்டுகள் வேண்டாம். வீட்டுக்கு வர வேண்டும்.

நல்ல பிள்ளை என்றால் நீதான். என்ன செய்யப்போகிறாய்?

நெட்டை


ஜூலை 24

நெட்டை,

செய்துவிட்டேன். ஆனால் சரியாக வரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். மேசைமேல் புதிய பரிசுக் கோப்பைகளை வரிசையாக அடுக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். “என்னம்மா, இன்னொரு கட்டுரையா?” என்று சிரித்தார். பாக்கெட் என்னுடையது என்றேன். உண்மையில் பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி கொடுத்தது, ஆனால் தெரிந்துதான் வைத்திருந்தேன், நானும் பிடித்தேன், நெட்டையை நான்தான் அழைத்துப் போனேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முன்கூட்டியே மனப்பாடம் செய்திருந்ததால் ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன். அதுதான் தப்பாகிவிட்டதோ என்னவோ.

அவர் துணியைக் கீழே வைத்தார். என் தலையில் கை வைத்தார்.

“சிநேகிதிக்காகப் பழிய உன் தலையில போட்டுக்கிறியா? எவ்வளவு நல்ல மனசும்மா உனக்கு.”

இல்லை மிஸ், நிஜமாகவே நான்தான் என்றேன். சிரித்தார். எந்த அக்கா கொடுத்தாள் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெண் மாணவர் தலைவி, அவளைப் பற்றி இப்படிப் பேசக் கூடாது என்றார், முகம் மாறியது. பிறகு, “உன் சிநேகிதி உனக்கு லெட்டர் போடுறாளா?” என்று கேட்டார்.

நெட்டை, உண்மையைச் சொல்லத்தானே போயிருந்தேன். ஆமாம் என்றேன்.

“அதானே பாத்தேன். அவ்வளவு தூரம் போயும் உன்னை விடல பாரு. இப்படிப் போய்ச் சொல்லுன்னு எழுதியிருக்கா, நீயும் வந்துட்டே.”

நான் அழ ஆரம்பித்தேன். அழுததும் அவருக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு, நான் அங்கே இல்லாததுபோல் பேசினார்கள். பையில் எதையோ வைத்து மாட்டிவிட்டது போதாதென்று கடிதத்திலும் மாட்டிவிடுகிறாள் என்றார் தலைமையாசிரியை. உன் இடத்தை அன்றே வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் மறுபடியும் சொன்னேன். “போதும். உனக்குப் பொய் சொல்லவே வரல, ஏன் கஷ்டப்படுறே?” என்றாள். பிறகு எனக்குப் புது அகராதி வாங்கிக் கொடுத்தாள். பழையது கெட்ட சகவாசத்தில் இருந்ததாம்.

நான் வாயைத் திறந்ததால் உனக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது. திறக்காமல் இருந்த அன்றும் அப்படித்தான் ஆயிற்று. எதை எப்போது செய்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

இனி நூலகத்துக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. அங்கிருக்கும் அக்கா, இன்னும் ஒரு கடிதம் வந்தால் வாங்கித் தருவதாகவும், அதற்குமேல் தன்னால் முடியாது என்றும் சொன்னார்.

புலவர்


ஆகஸ்ட் 3

புலவரே,

விடு. நீ போய்ச் சொன்னாயே, அது போதும். போதவில்லைதான். ஆனாலும் விடு.

அம்மா போனில் அழுதாள். நான் கடிதம் எழுதி உன்னைக் கெடுத்தேன் என்று அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். “அந்தப் பொண்ணையாவது நிம்மதியா விடக்கூடாதா?” என்றாள். நான் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். சொல்லிச் சொல்லி யாருக்கு என்ன ஆயிற்று?

இங்கேயும் மாட்டிக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளர் தன் கோட்டு பாக்கெட்டில் வெளிநாட்டு சிகரெட் பெட்டி இருந்தது, காணோம் என்று வந்து நின்றார். மாமா டப்பாவைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாய்லருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அங்கே சிகரெட் துண்டுகள் கிடந்தன.

நான் அடி விழும் என்று நினைத்தேன். மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “என் கடையில ஒரு பொத்தான்கூடத் தொலைஞ்சதில்ல. நீ என் சொந்த அக்கா மக” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருடியதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அத்தைதான், “ஏங்க, அவ சிகரெட் குடிக்கிறாங்க, அதக் கேளுங்க” என்று கத்தினாள். அப்போது மாமாவின் விரலிடுக்கிலேயே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்குத்தான் அத்தையிடம் அடி விழுந்தது.

இப்போது பாக்கெட் துழாவுவது அத்தை. நான் இஸ்திரி போட்ட துணிகளுக்கு உறை மாட்டுகிறேன்.

இங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். உயரத்தைப் பார்த்து எல்லாரும் என்னைப் பெரிய பெண் என்று நினைக்கிறார்கள். முதல் நாளே இரண்டு பேர் வந்து, கழிவறைக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார்கள். எல்லாப் பள்ளியிலும் ஒரு பின்பக்கம் இருக்கிறது.

போனேனா என்று கேட்காதே.

நெட்டை


ஆகஸ்ட் 12

நெட்டை,

இதை வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை பஸ் டிப்போவுக்குப் போனேன். உன் அம்மா புறப்படாத பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் பின்னால் ஏறினேன். இந்த முறை எதையும் மனப்பாடம் செய்யவில்லை. முன்னுக்குப் பின்னாக உளறினேன். பாக்கெட், கொட்டகை, நீ வாந்தி எடுத்தது, நான் முதுகைத் தடவியது, வகுப்பில் நீ என்னைப் பார்த்தது, எல்லாம்.

அவர் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில், “அப்ப ஏன் அவ ஆமான்னு சொன்னா?” என்றார்.

“இல்லன்னு சொன்னாலும் நம்பமாட்டாங்கன்னு நெனச்சாளாம், ஆன்ட்டி.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அன்னிக்கு டியூட்டிலேருந்து நேரா வந்தேன். கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். நீதானாடின்னு அவள ஒரு வார்த்த கேக்கல” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குள் சொன்னாரா, தெரியவில்லை.

அதற்குள் பஸ் புறப்படும் நேரம் ஆகிவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. இறங்கப் போன என்னை, “உக்காரு” என்றார். பஸ் நிறைந்ததும் வழக்கம்போல் எல்லாரையும், “உள்ள போ, உள்ள போ” என்று அதட்டிக்கொண்டே வந்தார். என் தெரு வந்ததும் விசில் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் இறங்கி நடைபாதையில் ஏறும் வரை அடுத்த விசில் கொடுக்கவும் இல்லை.

வீட்டில் அம்மா நனைந்த என்னைப் பார்த்து எங்கே போனாய் என்று கேட்டாள். சொன்னேன். இந்தத் தடவை அவள் போதும் என்று தடுக்கவில்லை. ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “உன் சட்டையில ஒருநாள் வாடை அடிச்சுது. பஸ்ஸில பக்கத்துல எவனாவது நின்னிருப்பான்னு நெனச்சேன்” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நீ வீட்டு முகவரிக்கே எழுதலாம், ஆனால் தான் படித்த பிறகுதான் எனக்குத் தருவேன் என்றாள். நான் ஒப்புக்கொண்டேன்.

தலைமையாசிரியை மனம் மாறவில்லை. உன் இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு ஏனோ எரிச்சல் வருகிறது. அவள் என்ன செய்தாள், பாவம்.

புலவர்


ஆகஸ்ட் 25

புலவரே,

முதலில் ஆன்ட்டிக்கு: நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். என் கையெழுத்து மோசம், மன்னிக்கவும்.

அம்மா வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், டியூட்டி சட்டையோடு. கடை வாசலில் அவளைப் பார்த்து வாடிக்கையாளர் என்று நினைத்து, என்ன துணி என்று கேட்டுவிட்டேன். விரிப்பு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

“பாக்கெட்ட நீ வைக்கலையா?”

“இல்ல.”

“அப்ப நீ பிடிக்கவே இல்லையா?”

“பிடிச்சேன். இப்பவும் பிடிக்கிறேன்.”

முதல் பதிலுக்கு அழுதாள். இரண்டாவதுக்கு அழவில்லை. எழுந்து, “கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு” என்றாள்.

டாக்டர் எத்தனை பிடிக்கிறாய் என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைத்தேன். மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “யார்கூட?” என்று கேட்டார். முதலில் உன்னோடு என்றேன். பிறகு பாய்லரோடு. அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். மாதம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். இந்த வயசுக்கு மருந்தைவிடப் பேச்சுதான் என்றார். பேசி என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா நம்புகிறாள், போகிறேன்.

பழைய பள்ளியில் இனிமேல் போய்க் கெஞ்சமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். இந்த வருடம் இங்கேயேதான். மாமா இப்போதெல்லாம் கடைக்கு வெளியே தெருமுனையில் போய் நின்று பிடித்துவிட்டு வருகிறார். என்னைப் பார்த்தால் ஒளித்துக்கொள்கிறார். யார் பெரியவர் என்றே தெரியவில்லை.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கழிவறைக்குப் பின்னால் முதல் நாளும் போனேன், நேற்றும் போனேன். இன்று போகவில்லை. நாளைக்கு என்ன செய்வேன் என்று தெரியாது. ஆன்ட்டி, உங்களிடம் மறைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்று அவர்கள் கூப்பிட்டபோது, எனக்குக் கடிதம் வந்திருக்கிறது, படிக்க வேண்டும் என்றேன். “லெட்டரா? எந்தக் காலத்துல இருக்கே?” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். நானும் மரத்தடியில் உட்கார்ந்து உன் பஸ் டிப்போ கடிதத்தைப் பிரித்தேன். ஏற்கெனவே படித்ததுதான். பாதிச் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் நீளமாக எழுது. வகுப்பில் யார் யார் என்ன செய்கிறார்கள், நூலகத்தில் என்ன புத்தகம் வந்தது, அந்தக் கண்ணாடிப் பெண் எப்படி இருக்கிறாள், உனக்கு மட்டுமே பிடிக்கும் அறுவை சமாச்சாரங்கள், எதுவானாலும் சரி. சுவாரசியமாக இருக்க வேண்டும் என்று இல்லை. சாப்பாட்டு மணியிலிருந்து அடுத்த மணி வரைக்கும் வர வேண்டும்.

நெட்டை